குசினிப் பக்கமும் ஒரு நன்றி

மன்னார்ப் பக்கத்துக் கிறிஸ்தவ சிறுவர் இல்லம் ஒன்றில் மேட்ரனாகவோ விடுதிப் பொறுப்பாளராகவோ சேரப்போகிறவர்களுக்கும், சேர்ந்து ஆறேழு மாதத்தில் களைத்துப்போய் நிற்கிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. பாப்பாமோட்டையிலிருந்தோ அடம்பனிலிருந்தோ விடத்தல்தீவிலிருந்தோ ஏ-32 வீதியில் பஸ் பிடித்து நேர்முகத்துக்குப் போகும்போது, சம்பளம் எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் வீட்டுக்கு விடுவார்கள் என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். (அதையும் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பின்னால் சில வார்த்தை இருக்கிறது.) அந்த இல்லத்தில் நன்றி யாருக்குப் போகிறது என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. நீங்கள் அங்கே மூன்று வருடம் நிற்பீர்களா, மூன்று மாதத்தில் பெட்டியைக் கட்டுவீர்களா என்பது பெரும்பாலும் அதில் தங்கியிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். ரொறன்ரோவில் இருக்கும் ஒரு குடும்பம், தகப்பனின் ஆண்டு நினைவுக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிறது. காசு முந்திய கிழமையே வந்துவிட்டது. கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம், கடைசியில் ஐஸ்கிறீம். சாப்பிட முதல் செபம். செபத்தில் ஆண்டவருக்கு நன்றி, இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்கு மன்றாட்டு, குடும்பத்துக்கு ஆசீர். பிறகு பிள்ளைகள் வரிசையாக நின்று "நன்றி அங்கிள், நன்றி அன்ரி" என்று சொல்ல, அது வாட்ஸ்அப்பில் கனடாவுக்குப் போகிறது. அந்த வீடியோவில், விடிய நாலு மணிக்கு எழும்பித் தேங்காய் துருவிய சமையல் அம்மா இல்லை. அவர் அந்நேரம் பின்கட்டில் தாச்சி தேய்த்துக்கொண்டிருக்கிறார். கோழி வெட்டிக் கழுவிய அண்ணா இல்லை. போனைப் பிடித்திருக்கிற மேட்ரனும் இல்லை. ஒரு மூலையில் அவருடைய விரல்நுனி மட்டும் தெரிகிறது.

யாரும் வேண்டுமென்று செய்த காரியம் இல்லை இது. கிறிஸ்தவ இல்லங்களில் நன்றிக்குக் குறைவே கிடையாது. காலைச் செபத்தில் நன்றி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் நன்றி, படுக்கப்போகும்போது நன்றி. எல்லாம் மேலே போகிற நன்றி: இறைவனுக்கு, கொடையாளருக்கு, இல்லத்தை நடத்துகிற சபைக்கு, பாதருக்கு, சிஸ்டருக்கு. அது தப்பில்லை. ஆனால் பக்கத்தில் நின்று அதே சட்டியைப் பிடித்தவரைத் தாண்டித்தான் அது தினமும் மேலே போகிறது. பணியாளர் ஒருவர் இன்னொரு பணியாளருக்குப் பெயர் சொல்லி, செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்வது மிகவும் அரிது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அந்தப் பக்கவாட்டு நன்றியைத்தான்.

ஏன் இந்த வேலைக்கு அது கூடுதலாக வேண்டும்

பிள்ளை பராமரிப்பில், வேலை ஒழுங்காக நடந்தால் கண்ணில் படாது. பாயில் சிறுநீர் கழித்த எட்டு வயதுக்காரனை மற்றப் பிள்ளைகள் எழும்ப முதல் எழுப்பி, கழுவி, துணி மாற்றி, பாயைப் பின்பக்கம் காயப்போட்டுவிட்டால், அந்தக் காரியம் நடந்ததே யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி. மற்றவர்கள் சிரித்து அவன் அழுதால்தான் "எங்கே போனா மேட்ரன்?" என்று கேள்வி வரும். பேன் பார்ப்பது, நகம் வெட்டுவது, பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் தாயின் கதிரையில் போய் உட்காருவது, நன்னடத்தை உத்தியோகத்தர் வருவதற்கு முன் கோப்பு எழுதி முடிப்பது என்று எல்லாமே இப்படித்தான். பிழைத்தால் ஏச்சு, சரியாக நடந்தால் மௌனம்.

மற்றவர்களுக்கு உழைத்தே தேய்ந்துபோகிறவர்களைப்பற்றி ஆராய்ந்த கிறிஸ்ரினா மஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர், அந்தத் தேய்மானத்துக்கு மூன்று முகம் இருப்பதாக 1980களின் தொடக்கத்திலேயே வகுத்தார். மனம் வறண்டுபோவது ஒன்று. பராமரிக்கும் ஆட்களை ஆட்களாகப் பார்க்காமல் சாமான்போல் பார்க்கத் தொடங்குவது இரண்டாவது. "நான் செய்கிறதால் ஒரு பிரயோசனமும் இல்லை" என்ற எண்ணம் மூன்றாவது. முதலாவதற்கு லீவும் நித்திரையும்தான் மருந்து. நன்றி சொல்லி ஒருவரின் நித்திரைக் களைப்பைப் போக்க முடியாது. மூன்றாவதுக்கு நன்றி நேரடியாக வேலை செய்கிறது. மூன்றாவது சரிவந்தால் இரண்டாவது தானாகக் கொஞ்சம் இறங்கும். தன் வேலையை ஒருவர் பார்த்தார் என்று தெரிந்த மேட்ரன், பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

அடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ என்ற இருவர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்தும். ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நிதி திரட்டும் ஊழியர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் பணிப்பாளர் நேரில் போய், உங்கள் உழைப்புக்கு நன்றி என்றார். அடுத்த கிழமை அவர்கள் எடுத்த அழைப்புகள் 50 சதவீதத்துக்கும் மேல் கூடின. நன்றி சொல்லப்படாதவர்களிடம் மாற்றமில்லை. சம்பளம் இரு பகுதியினருக்கும் ஒன்றுதான். தொலைபேசி வேலையும் பிள்ளை வளர்ப்பும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். பிள்ளை வளர்ப்பில் எண்ண முடியாத காரியம் இன்னும் அதிகம். அதனால்தான் ஒருவர் கண்டு சொல்வது இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

விடியற்காலை ஆறு மணி

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பொறுப்பு மாற்றும் நேரத்தில் என்பேன். இரவு நின்றவர் பகலில் நிற்கப்போகிறவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில். மேசையில் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கும். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு என்ன மருந்து எத்தனை மணிக்கு, யார் அழுதது, யார் சண்டை பிடித்தது. பெரும்பாலான இல்லங்களில் இந்தப் புத்தகம் குறைகளின் பட்டியல். அதில் ஒரு வரியைக் கூட்டுங்கள்: முந்திய முறையில் நின்றவர் செய்த ஏதாவது ஒன்று, பெயரோடு.

எழுதும் விதம் முக்கியம். "அன்ரியின் சேவைக்கு நன்றி" என்று எழுதினால் அது வாழ்த்து அட்டை. இரண்டு நாளில் யாரும் வாசிக்கமாட்டார்கள். இப்படி எழுதலாம்: "சின்னவனுக்கு 2 மணிக்குக் காய்ச்சல் கூடினது. அக்கா ஈரத்துணி போட்டு, 4 மணிக்குத் திரும்பப் பார்த்து எழுதி வைச்சிருக்கிறா. கிளினிக்கில் டொக்டர் கேட்ட எல்லாத்துக்கும் அதைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்." இதில் நன்றி என்ற சொல்லே இல்லை. ஆனால் அக்காவுக்கு மூன்று விஷயம் போய்ச் சேருகிறது. நான் செய்ததை ஒருவர் கண்டார். அது ஒரு காரியத்துக்கு உதவியது. அது எழுத்தில் இருக்கிறது.

வாயால் சொல்வதானால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, சுருக்கமாக. "அக்கா, ராத்திரி நீங்கள் அவனோட முழிச்சிருந்தபடியால்தான் அவன் இண்டைக்குப் புலமைப்பரிசில் வகுப்புக்குப் போனவன்" என்றால் போதும். அக்கா "அதெல்லாம் என்ன, என்ர கடமைதானே" என்பார். அதற்காகச் சொன்னதைத் திருப்பி எடுக்க வேண்டாம், முகத்தைப் பாருங்கள். நம் ஊரில் நேருக்கு நேர் புகழ்ந்தால் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2018-ல் நன்றிக் கடிதம் எழுதியவர்களையும் பெற்றவர்களையும் தனித்தனியே கேட்டபோது தெரியவந்தது: பெறுகிறவர் சங்கடப்படுவார் என்று எழுதுகிறவர்கள் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள், பெறுகிறவர் அடையும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிக்கிறார்கள். அது அமெரிக்காவில் நடந்த ஆய்வு. மன்னாரில் செய்தால் முடிவு தலைகீழாக வரும் என்று நான் நம்பவில்லை.

நன்றியோடு வேறு எதையும் சேர்த்துக் கட்டாதீர்கள். "நல்லாப் பார்த்தீங்கள் அக்கா, அடுத்த சனியும் நீங்களே இரவு நிற்கிறீங்களா?" என்று கேட்டால் முதல் பாதி செத்துவிடும். இரண்டாவது முறை நீங்கள் வாயைத் திறக்கும்போதே அக்கா எழும்பிப் போய்விடுவார். "நல்லாத்தான் செய்தீங்கள், ஆனால்…" என்று தொடங்குவதும் அதே சாதி. குறை சொல்ல வேண்டியதைக் குறையாக, வேறு நேரத்தில், தனியே சொல்லுங்கள்.

யார் யாருக்கு என்பதையும் ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும். பேசத் தெரிந்த, ஆங்கிலம் கொஞ்சம் வருகிற, கொடையாளர் வந்தால் முன்னுக்கு நிற்கிற பணியாளருக்கு நன்றி தானாகக் கிடைத்துவிடும். சமையல் அம்மா, இரவுக் காவலாளி, மலசலகூடம் கழுவுகிறவர், வான் ஓட்டும் அண்ணா இவர்களுக்கு யார் சொல்வது? பிள்ளைகளிடம் போய், பயம் வந்தால் யாரிடம் ஓடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல இல்லங்களில் பதில் மேட்ரன் அல்ல, குசினி. அங்கே சூடும் இருக்கும், ஒரு துண்டுத் தேங்காயும் கிடைக்கும், கேள்வியும் கேட்கமாட்டார்கள். அந்த அம்மா சமையலுக்கு மட்டும் சம்பளம் வாங்கிக்கொண்டு பாதி ஆற்றுப்படுத்துநர் வேலையும் பார்க்கிறார் என்பது பணியாளர் கூட்டத்தில் ஒருமுறையாவது உரத்துச் சொல்லப்பட வேண்டும்.

டோனாவூரில் என்ன செய்தார்கள்

கடலுக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையில், இந்த விஷயத்தில் எழுத்தில் நிற்கிற ஒரு முன்மாதிரி உண்டு. ஏமி கார்மைக்கேல் அயர்லாந்தின் வடக்கிலிருந்து வந்தவர். 1894-ல் சில மாதம் இலங்கையிலும் இருந்து, 1895-ல் இந்தியா போனார். 1901-ல் கோயிலுக்கு விடப்பட்டிருந்த பிரீனா என்ற சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்ததிலிருந்து, டோனாவூரில் ஒரு பெரிய சிறுவர் இல்லம் வளர்ந்தது. அங்கே பணியாளர்களுக்குப் பதவிப் பெயர் இருக்கவில்லை. உள்ளூர்ப் பெண் பணியாளர்கள் பிள்ளைகளுக்கு அக்கா. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி. ஆண்கள் அண்ணாச்சி. ஏமி, அம்மா. நெல்லை வீடுகளின் உறவு முறையையே இல்லத்தின் நிர்வாக முறையாக ஆக்கிவிட்டார்கள்.

ஏமியின் பெயர் உலகம் முழுக்கப் போனது. நான் சொல்ல வருவது பொன்னம்மாளைப் பற்றி. இளம் விதவை, ஏமியோடு தொடக்க காலத்திலேயே சேர்ந்தவர். கைக்குழந்தைகள் வரத் தொடங்கியபோது ஆஸ்பத்திரி கிட்ட இருக்க வேண்டும் என்பதற்காக நெய்யூரில் ஒரு குழந்தைகள் இல்லம் திறந்தார்கள். அதை நடத்தும் பொறுப்பு பொன்னம்மாளுடையது. 1915-ல் புற்றுநோயில் இறந்தார். அதன்பின் ஏமி செய்த காரியம்தான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது: பொன்னம்மாளைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 1918-ல் அது வெளிவந்தது. வெள்ளைக்கார மிஷனரிகளின் சரித்திரத்தில் உள்ளூர் உதவியாளர்கள் "ஒரு சுதேசப் பெண்" என்று பெயரில்லாமல் கடந்துபோகிற காலம் அது. பிறகு கோகிலா என்ற தாதியைப் பற்றியும் 1939-ல் தனிப் புத்தகம் எழுதினார். பணியாளருக்குச் சொல்கிற நன்றி பெயரும் செயலுமாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னேன். அதைப் புத்தக அளவில் செய்தவர் இவர்.

இன்னொன்று, நாளாந்த வேலைக்கு இன்னும் கிட்டவானது. 1931-ல் ஏமி விழுந்து காயப்பட்டார். 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருடம் பெரும்பாலும் அறைக்குள்ளேதான். நேரில் போய்ப் பார்க்க முடியாத பணியாளர்களுக்கு அங்கிருந்தே துண்டுக் குறிப்புகள் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து பின்னால் புத்தகங்களே தொகுக்கப்பட்டன. மன்னார்த் தீவில் இருந்துகொண்டு பெருநிலத்தில் இருக்கும் இல்லத்தை நிர்வகிக்கும் ஒரு பாதருக்கோ போதகருக்கோ இதைவிட எளிய பாடம் இல்லை. நேரில் வர முடியாத கிழமையில் இரண்டு வரி எழுதி அனுப்பலாம். வாட்ஸ்அப் குரல் பதிவும் போதும். பொதுக் குழுவில் "எல்லோருக்கும் நன்றி" என்று கைகூப்பிய படம் போடுவதை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். எல்லோருக்கும் சொன்னது ஒருவருக்கும் சொன்னதாகாது.

டோனாவூரில் எடுக்கக்கூடாத ஒன்றும் இருக்கிறது. அங்கே பணியாளர்களுக்குச் சம்பளம் இல்லை. சேர்ந்தவர்கள் வாழ்நாள் அர்ப்பணிப்பாகவே சேர்ந்தார்கள்; சாப்பாடும் தங்குமிடமும் முதுமையும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. அதை அறிந்து அவர்களாகத் தெரிந்துகொண்ட வாழ்க்கை அது. இன்றைக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு இல்லத்துக்கு வேலைக்கு வரும் பெண்ணிடம் அந்த அளவுகோலைத் தூக்கிக் காட்டுவது அநியாயம்.

சம்பளப் பற்றுச்சீட்டு

"இது வேலை இல்லை, ஊழியம்" என்ற வாசகம் கிறிஸ்தவ இல்லங்களில் அடிக்கடி கேட்கும். அதை உள்ளத்திலிருந்து சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன். அதைச் சம்பள நாளில் மட்டும் சொல்கிறவர்களை மதிக்கவில்லை. நன்றி சம்பளத்தோடு சேர்ந்து வர வேண்டியது. சம்பளத்தின் இடத்தில் வர வேண்டியதல்ல.

ஆகவே நேர்முகத்தில் கூச்சமில்லாமல் கேளுங்கள். இலங்கையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், தொழில்தருநர் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் 3 சதவீதம். சில வகைத் தர்ம நிறுவனங்களுக்குச் சேமலாப நிதிச் சட்டத்தில் விலக்கு உண்டு. நீங்கள் போகும் இல்லம் அதற்குள் வருகிறதா என்று மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் 1983-ம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம். இவற்றைக் கேட்டால் நன்றிகெட்டவள் என்று நினைப்பார்களோ என்ற பயம் வேண்டாம். அப்படி நினைக்கிற இடம் எது என்று முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லதுதான்.

நிர்வாகிகளுக்கு ஒரு சொல். கையில் காசு இல்லாத இல்லமும் நேரத்தால் நன்றி சொல்லலாம். இரவு முழித்தவருக்கு அடுத்த நாள் மத்தியானம் வரை நித்திரை, ஞாயிறு திருப்பலிக்குத் தன் சொந்தப் பங்குக்குப் போய்வர விடுமுறை, பிள்ளையின் முதல் நன்மைக்கு மூன்று நாள் லீவு. மடு ஆவணித் திருவிழாவுக்கு யார் போவது, யார் இல்லத்தில் நிற்பது என்று சுழற்சி முறையில் எழுதி ஒட்டுங்கள். வருடா வருடம் ஒரே ஆள் நிற்க, மற்றவர்கள் வந்து "உங்களுக்காகவும் மன்றாடினோம்" என்றால், நின்றவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

பிள்ளைகளிடம் எதிர்பார்க்காதீர்கள்

புதிதாகச் சேருகிறவர்களுக்கு மிகக் கசப்பாக இருக்கப்போவது இதுதான். எட்டு மாதம் தலைவாரி, பாடம் சொல்லிக்கொடுத்து, காய்ச்சலில் மடியில் வைத்திருந்த பிள்ளை, ஒரு நாள் கோபத்தில் "நீங்கள் என்ர அம்மா இல்லை" என்று சொல்லும். தாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பிஸ்கட் பெட்டியோடு வந்தால், அந்தப் பிஸ்கட்டுக்குக் கிடைக்கும் சந்தோசத்தில் பாதி உங்கள் எட்டு மாதத்துக்குக் கிடைக்காது.

அதில் பிழை ஒன்றும் இல்லை. வீட்டில் வளரும் பிள்ளை சோறு போட்டதற்காகத் தினமும் தாய்க்கு நன்றி சொல்வதில்லை. சோறு வரும் என்று நம்பி, குறையும் சொல்லி, தட்டைத் தள்ளிவிட்டு விளையாடப் போகிறது. இல்லத்துப் பிள்ளைக்கு அந்த உரிமை இருக்க வேண்டும். "இது உனக்குக் கிடைச்சதே பெரிய விஷயம், நன்றியோட இரு" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை, பின்னால் யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாத ஆளாக வரும். அல்லது ஒருவன் ஐநூறு ரூபா கொடுத்தாலே அவனுக்குக் கடமைப்பட்டதாக நினைக்கும். இரண்டாவது ஆபத்தானது. நன்றி சொல்லிப் பழக்குவது வேறு, நன்றிக்கடனைச் சுமத்துவது வேறு. பெரியவர்கள் தங்களுக்குள் நன்றி சொல்வதைப் பிள்ளை தினமும் கேட்டால் போதும், தானாக ஒட்டும்.

ஆகவே உங்களுக்கு வேண்டிய அங்கீகாரத்தைப் பிள்ளையிடமிருந்து வாங்க முயலாதீர்கள். அது சக பணியாளரிடமிருந்து வர வேண்டியது. எங்கள் நாட்டில் ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம். மேட்ரனுக்கும் சமையல் அம்மாவுக்கும் நாட்காட்டியில் ஒரு சதுரமும் கிடையாது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளைப் பிடித்து, அன்று மட்டும் பாதரும் சிஸ்டரும் சமைத்துப் பணியாளருக்குப் பரிமாறினால் என்ன? பருப்பு அடிப்பிடித்தாலும் பரவாயில்லை.

செஞ்சோற்றுக்கடன் என்ற பொறி

கும்பகர்ணனையும் கர்ணனையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அண்ணன் செய்வது தவறு என்று தெரிந்தும் சோறு போட்ட பக்கம் நின்று செத்தவனுக்காகக் கண்ணீர் விடுகிறோம். கதைக்கு அது அழகு. சிறுவர் இல்லத்துக்கு அது விஷம்.

வேலை எடுத்துத் தந்த பாதர், வீட்டுக் கஷ்டத்தில் முற்பணம் தந்த சிஸ்டர், பிரச்சினைக் காலத்தில் இடம்பெயர்ந்து வந்தபோது தங்க இடம் தந்த சபை. இவர்களுக்கு நீங்கள் உண்மையாகவே கடமைப்பட்டிருக்கலாம். ஒரு பிள்ளை அடிக்கப்படுவதை, அல்லது அதைவிட மோசமானதைக் காணும்போது அந்தக் கடன் வாயைக் கட்டும். கட்ட விடாதீர்கள். 1998-ம் ஆண்டின் 50-ம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, எந்நேரமும் எடுக்கலாம். மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் உத்தியோகத்தர் உங்கள் இல்லத்துக்கு வருகிறவர்தான். அவரோடு தனியே பேசக் கேளுங்கள். இல்லத்துக்கு நீங்கள் பட்ட கடனைப் பிள்ளையின் உடம்பால் அடைக்கக்கூடாது.

பணியாளர் செபத்துக்கு ஒரு பகுதி

நன்றியைப் பற்றிப் பிரசங்கம் என்றால் குணமான பத்துத் தொழுநோயாளரில் திரும்பி வந்த ஒருவனைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அது பெற்றவர்களுக்குச் சொல்கிற கதை. இல்லங்களில் அதைப் பிள்ளைகளுக்கு நேரே திருப்பிவிடுகிறார்கள். பணியாளர் கூட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் பதினாறாம் அதிகாரம். வாசிப்பதற்கு அலுப்பான அதிகாரம் என்று பலர் தாண்டிப் போவார்கள், முழுக்கப் பெயர்கள்தான். இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பவுல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இவர் என்னோடு சிறையில் இருந்தார், இவர் கடுமையாக உழைத்தார், இந்த வீட்டில் சபை கூடுகிறது என்று சொல்லிக்கொண்டு போகிறார். அதில் பாதிப் பேரைப்பற்றி வேறு எங்கும் ஒரு செய்தியும் இல்லை. பல பெண்கள். ஒருவருக்குப் பெயர்கூட இல்லை, ரூபுவின் தாய் என்று மட்டும். தனக்கும் அவர் தாயாக இருந்தார் என்கிறார் பவுல். சொந்த மகன் ஒருவன் இருக்க, வேறொருவருக்கும் தாயானவர். மேட்ரன் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆளை வேதத்தில் தேடுவது கஷ்டம்.

அதை வாசித்து முடித்ததும் பிரசங்கம் வேண்டாம். உங்கள் இல்லத்துப் பணியாளர் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதேமாதிரி ஒரு வரி நிரப்புங்கள். எந்தப் பெயருக்கு எழுத ஒன்றும் வரவில்லையோ, அந்த ஆளின் வேலையை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

போகிறபோது

இந்த வேலையில் ஆட்கள் போவார்கள். கலியாணம், மத்திய கிழக்கு, அரச நியமனம், முழங்கால் வலி. அப்படிப் போவது பிள்ளைகளைப் பாதிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. உருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-ல் தொடங்கி, நிறுவனங்களில் வளர்ந்த 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு, ஒரே ஆளிடம் நிலையாக வளர்வது பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்பதைக் காட்டியது. ஐக்கிய நாடுகள் சபை 2009-ல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டலும், நிறுவனப் பராமரிப்பைக் கடைசி வழியாக வைத்து, அங்கேயும் பிள்ளைக்கு நிலையான ஓர் ஆளோடு பற்று வேண்டும் என்ற கருத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே பணியாளர் ஒருவர் விலகும்போது, பிள்ளைகள் பாடசாலை போன நேரம் பார்த்துப் பின்கதவால் அனுப்பாதீர்கள். அழுவார்கள் என்று பயந்துதான் அப்படிச் செய்கிறார்கள். அழட்டும். ஒரு மாதம் முன்பே சொல்லி, ஒரு படம் எடுத்து, போன பிறகும் பிறந்தநாளுக்கு ஓர் அட்டை வர வழி செய்து அனுப்ப வேண்டும். தன்னை வளர்த்தவர் மறைந்து போகவில்லை, விடைபெற்றுப் போனார் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

போகிறவருக்குச் சேலையும் கேக்கும் போதாது. உருப்படியான நன்றி ஒரு சேவைச் சான்றிதழ். "எமது இல்லத்தில் பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்" என்ற இரண்டு வரிச் சான்றிதழால் யாருக்கும் பயனில்லை. எத்தனை பிள்ளைகள், எந்த வயது, எத்தனை வருடம் என்று எழுதுங்கள். மருந்துப் பதிவு வைத்தாரா, முதலுதவி தெரியுமா, விசேட தேவையுள்ள பிள்ளையைப் பராமரித்தாரா, வழக்குக் கோப்பு எழுதினாரா, புதுப் பணியாளரைப் பழக்கினாரா என்பதையும் சேருங்கள். பராமரிப்பாளர் தொழிலுக்கு இலங்கையில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், என்.வி.கியூ., உண்டு. வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தை வைத்தே மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் வழியும் நைட்டா என்ற அரச பயிற்சி நிறுவனத்தில் இருக்கிறது. அதற்கு இப்படியான விவரமான கடிதம்தான் முதல் ஆதாரம். பொறுப்பாளர் எழுதித் தரப் பிந்தினால், உங்கள் ஆறு மணிப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து நீங்களே முதல் பிரதியை எழுதிக்கொண்டு போய் ஒப்பத்துக்கு நீட்டுங்கள். திகதியும் இல்லத்தின் பதிவு இலக்கமும் முத்திரையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்; ஒரு போட்டோப் பிரதியை வீட்டில் வையுங்கள்.